கிள்ளானில் நாங்கள் சர்க்கஸ் பார்த்த மாலை

என் அருமைத் தம்பி தங்கவேலுவுக்கு,

நீ போய் எட்டு மாதம் ஆகிவிட்டது. உனக்கு எழுத வேண்டும் என்று இத்தனை நாள் தோன்றாமல் இல்லை. உட்கார்ந்தால் எதையெல்லாம் எழுத வேண்டிவரும் என்பது தெரியும். அதனால் தள்ளிப்போட்டேன். இப்போது ஊரிலிருந்து செல்லம்மாள் ஒரு கடிதம் போட்டிருக்கிறாள். மூன்று வாரமாகப் பிரிப்பதும் மடிப்பதுமாக இருந்ததில், மடிப்பில் காகிதம் கிழியத் தொடங்கிவிட்டது. அவளுக்குப் பதில் எழுதும் முன் உன்னிடம் சொல்ல வேண்டியவை இருக்கின்றன.

இதைப் பத்திரிகைக்கும் கொடுக்கப் போகிறேன். நம்மைத் தெரியாதவர்களும் படிப்பார்கள் என்பதால், உனக்குத் தெரிந்த சில விஷயங்களையும் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்.

நாம் இரண்டு பேரும் நாகப்பட்டினத்தில் ஒரே கப்பல் ஏறி வந்தவர்கள். தளத்தில் பக்கத்துப் பக்கத்துப் பாய். உனக்குப் பத்தொன்பது வயது, எனக்கு இருபத்திரண்டு. கரை மறையும் முன்பே என்னைச் 'சோமண்ணே' என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டாய். கோலாலம்பூரில் ரயில்வே சரக்கு ஆபீசில் இரண்டு பேருக்கும் கணக்கெழுதும் கிராணி வேலை கிடைத்தது. பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரே அறையில் பதினோரு வருஷம் இருந்தோம். செந்தூல் ரயில் பட்டறையில் பிட்டர் வேலை பார்க்கும் பிச்சைமுத்துவும், பத்து ரோட்டில் துணிக்கடை வைத்திருக்கும் காசிமும் நம்மோடு சேர்ந்துகொண்டார்கள். நடுவில் நீ ஒரு தடவை ஊருக்குப் போய்ச் செல்லம்மாளைக் கல்யாணம் செய்துகொண்டு நாலு மாதம் இருந்துவிட்டு வந்தாய். உன் மகள் பிறந்தது அதற்குப் பிறகு. அவளை நீ பார்த்ததே இல்லை.

அப்புறம் ரப்பர் விலை விழுந்தது. தோட்டங்களிலிருந்து ஆட்களைக் கூட்டம் கூட்டமாக ஊருக்குக் கப்பலேற்றினார்கள். சரக்கு வண்டிகள் பாதி காலியாகப் போய் வந்தன. ஒரு வெள்ளிக்கிழமை உன்னை வேலையிலிருந்து நிறுத்தும் காகிதம் வந்தது.

அந்தக் காகிதம் வருவதற்கு நாலு நாள் முன்னால் நடந்ததை நீ அறியமாட்டாய். பெரிய கிராணி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "உங்க ரெண்டு பேர்ல ஒருத்தரைத்தான் வச்சுக்கலாம்னு மேல இருந்து வந்திருக்கு. வேலையில ரெண்டு பேரும் ஒண்ணுதான். துரைகிட்ட நான் யார் பேரைச் சொல்றது? நீயே சொல்லேன்" என்றார்.

எனக்குப் பெண்டாட்டி இல்லை, பிள்ளை இல்லை. 'அவனை வச்சுக்குங்க சார்' என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? அவர் மேசையில் இருந்த மைக்கூட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். "நீங்க பார்த்துச் செய்யுங்க சார்" என்றேன். அவர் தலையை ஆட்டினார். என் பதில் அவருக்குப் புரிந்துவிட்டது.

காகிதத்தை எடுத்துக்கொண்டு அறைக்கு வந்தவன் நீ. ஆறுதல் சொன்னவனும் நீதான். "விடுங்கண்ணே. ரெண்டு பேருக்கும் போகாம ஒருத்தருக்காவது நின்னுச்சே" என்றாய். அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. உனக்காகத்தான் சாப்பிடவில்லை என்று நீ நினைத்துக்கொண்டாய்.

ஊருக்குப் போக உனக்குச் சர்க்கார் இனாம் டிக்கெட் கிடைத்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கப்பல். அதற்கு முந்தைய ஞாயிறு தொடங்கி ஒரு வாரம் முழுக்க உன்னை எங்கெல்லாம் கூட்டிப் போவது என்று திட்டம் போட்டவன் நான். பிச்சைமுத்துவுக்கும் காசிமுக்கும் ஒரே சந்தோஷம். "அழுதுக்கிட்டே அனுப்பக் கூடாதுடா அவனை" என்றான் பிச்சைமுத்து. அவர்கள் இரண்டு பேரும் உன் மேல் உள்ள பிரியத்தில் செய்தார்கள். எனக்கும் பிரியம் இருந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் நான் ஓடியாடி டிக்கெட் எடுத்ததெல்லாம் அந்த மைக்கூட்டை மறப்பதற்காக.

முதல் நாள் நம் அறையிலேயே விருந்து. பிச்சைமுத்து ஆர்மோனியத்தை ரிக்‌ஷாவில் வைத்து ஊர்வலம் மாதிரிக் கொண்டுவந்தான். திங்கட்கிழமை நாடகம். ரயில் பாதைக்குப் பக்கத்தில் கொட்டகை போட்டிருந்தார்கள். ராஜா வேஷக்காரர் பிரிவைப் பற்றி உருகிப் பாடும்போது சரக்கு வண்டி ஒன்று தடதடவென்று வந்தது. மனிதர் பாட்டை அப்படியே நிறுத்தி, கையைத் தூக்கியபடியே நின்றார். கடைசிப் பெட்டி போன பிறகு விட்ட அடியிலிருந்து எடுத்தார். கொட்டகையே சிரித்தது. "பாவம்ணே, நம்ம வண்டிதான். இன்னைக்கு லேட்டு" என்று நீ என் காதில் சொன்னாய். 'நம்ம வண்டி' என்றாய். உனக்கு அந்த ஆபீசில் வேலை போய் ஒரு மாதம் ஆகியிருந்தது.

செவ்வாய்க்கிழமை கோவில் மண்டபத்தில் பாட்டுக் கச்சேரி. பாதியில் நீ எழுந்து வெளியே போனாய். நானும் பின்னால் வந்தேன். கிணற்றடிச் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாய்.

"அண்ணே, உடம்பு கொதிக்குது. நேத்திலேர்ந்து குளிர் வேற."

கழுத்தில் கை வைத்துப் பார்த்தேன். அடுப்பு மாதிரி இருந்தது.

"டாக்டரைப் பார்த்துடலாமாண்ணே?"

நீதான் கேட்டாய். நான் கேட்கவில்லை.

"டாக்டர்கிட்ட போனா ஆஸ்பத்திரியில படுன்னுதான் சொல்லுவார். ஞாயித்துக்கிழமை கப்பல் போயிடும். இந்த இனாம் டிக்கெட்டு மறுபடி கிடைக்குமா? கொய்னா மாத்திரை வாங்கித் தரேன், போட்டுக்க. ரெண்டு நாள்ல இறங்கிடும்."

"சரிண்ணே."

"அவனுங்ககிட்டச் சொல்லாதே. மனசு ஒடிஞ்சு போயிடுவானுங்க."

அதற்கும் "சரிண்ணே" என்றாய். நான் சொன்ன எதற்கு நீ மறுப்புச் சொல்லியிருக்கிறாய்?

கப்பலை நினைத்துத்தான் அப்படிச் சொன்னேன் என்று எட்டு மாதமாக எனக்கு நானே சொல்லிப் பார்க்கிறேன். துறைமுகத்தில் டாக்டர் ஒவ்வொருவர் கையாகப் பிடித்துப் பார்ப்பார், காய்ச்சல் என்றால் திருப்பி அனுப்பிவிடுவார், அது மெய்தான். ஆனால் அது பாதி. நீ கிளம்பிப் போய்விட வேண்டும் என்று எனக்கு இருந்தது, தம்பி. வேலையில்லாமல் அந்த அறையில், என் கண்ணெதிரே, தினமும் நீ உட்கார்ந்திருப்பதை என்னால் தாங்க முடியவில்லை. உன்னை வழியனுப்பிவிட்டால் நிம்மதி வந்துவிடும் என்று நினைத்தேன்.

புதன்கிழமை மலாய்க்காரர்களின் பங்சாவான் நாடகம். நம் நாலு பேரில் உனக்குத்தான் மலாய் நன்றாக வரும். வழக்கமாக நீ சொல்லச் சொல்ல நாங்கள் சிரிப்போம். அன்றைக்கு நீ எதையும் சொல்லவில்லை. "தூங்கிட்டான்டா மாப்ளே" என்று பிச்சைமுத்து உன் தொடையைத் தட்டினான். நீ கண்ணைத் திறந்து, ஏதோ ஒரு வரியைச் சொல்லிச் சிரிக்க வைத்துவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொண்டாய்.

வியாழக்கிழமை காசிம் வீட்டில் பிரியாணி. காசிம் பெண்சாதி காலையிலிருந்து நின்று சமைத்திருந்தாள். நீ சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாய்.

"என்ன மாப்ளே, எங்க வீட்டுச் சோறு உள்ள போகலையா? ஊர் ஞாபகம் இப்பவே வந்திடுச்சா?" என்றான் காசிம்.

அவன் மனம் நோகக் கூடாதென்று அத்தனையையும் சாப்பிட்டாய். பிறகு கொல்லைப் பக்கம் போய் எல்லாவற்றையும் வாந்தி எடுத்தாய். தண்ணீர் ஊற்றியவன் நான். "யாருக்கும் தெரியலைல்ல?" என்று கேட்டாய். "தெரியலை" என்றேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஏரித் தோட்டத்தில் பேண்டு வாசித்தார்கள். அந்தப் புழுக்கத்தில் நீ கம்பளிக் கோட்டு போட்டுக்கொண்டு வந்தாய். "துரை ஊருக்குக் கிளம்பிட்டாரு, குளிருக்குப் பழகிக்கிறாரு" என்று பிச்சைமுத்து கேலி செய்தான். நீயும் சேர்ந்து சிரித்தாய். சிரிக்கும்போது உன் பற்கள் கிடுகிடுவென்று அடித்துக்கொண்ட சத்தம், பக்கத்தில் இருந்த எனக்குக் கேட்டது.

சனிக்கிழமை நாலு பேரும் பெட்டி படுக்கையோடு ரயிலில் கிள்ளானுக்குப் போனோம். இரவு அங்கே காசிமின் மாமா கடையில் தங்கி, மறுநாள் துறைமுகம் போவதாக ஏற்பாடு. கிள்ளானில் அப்போது ஒரு சர்க்கஸ் வந்திருந்தது. மாலை நாலு மணி ஆட்டத்துக்கு டிக்கெட் எடுத்து வைத்திருந்தேன். ரயிலில் நீ ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்தபடி வந்தாய். இறங்கும்போது உன் பெட்டியை நீ தூக்கவில்லை. இன்னொருவன் தூக்கட்டும் என்று நீ விட்டதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

கடையின் பின்னறையில் துணி மூட்டைகளுக்கு நடுவே பாயை விரித்துப் படுத்தாய். "நீங்க போய்ட்டு வாங்க. நான் செத்த நேரம் படுத்திருக்கேன்" என்றாய்.

"நீ இல்லாம எப்படிடா? உனக்காகத்தானே இத்தனையும்" என்றான் பிச்சைமுத்து.

"டிக்கெட் வீணாப் போகும்டா. போய்ட்டு வந்து ஒண்ணு விடாம கதை சொல்லுங்க."

அவர்கள் இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். களைப்பு என்றுதான் அவர்கள் நினைத்தார்கள். அவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். "சரி, தூங்கட்டும். வாங்க" என்று முதலில் செருப்பை மாட்டியவன் நான்.

நீ கேட்ட கதையை யாரும் உனக்குச் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். இரண்டு யானைகள் வந்தன. ஒன்று மணி அடித்தது, மற்றது மண்டியிட்டு சலாம் போட்டது. குடை பிடித்துக்கொண்டு ஒரு சின்னப் பெண் கம்பி மேல் நடந்தாள். நடுவில் நின்று, வேண்டுமென்றே தடுமாறுவதுபோல் ஆடி எல்லோரையும் பயமுறுத்தினாள். ஒரு கோமாளி சவுக்கோடு வந்து, சிங்கத்தைக் கொண்டுவரப் போகிறேன் என்று பெரிய ஆர்ப்பாட்டம் செய்துவிட்டு, ஒரு வெள்ளாட்டை இழுத்து வந்தான். நெருப்பு வளையத்துக்குள் பாயச் சொல்லி அதன் எதிரே இவனே பாய்ந்து காட்டினான். ஆடு அவன் தொப்பியை எடுத்து மென்றுகொண்டிருந்தது. பிச்சைமுத்து சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். நானும் சிரித்தேன், தம்பி. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். கொஞ்ச நேரம் உன் நினைப்பே எனக்கு இல்லை. அந்த ஒரு வாரத்தில் நான் மைக்கூட்டை மறந்தது அந்தக் கொஞ்ச நேரம்தான்.

வெளியே வந்தபோது தூறிக்கொண்டிருந்தது. காசிம் உனக்கென்று வறுத்த கச்சான் கடலை வாங்கினான். கடை வாசலில் அவன் மாமா நின்றுகொண்டிருந்தார். தூரத்திலிருந்து பார்த்தபோதே அவர் நின்ற விதம் சரியாகப் படவில்லை.

"எங்கேப்பா போனீங்க எல்லாரும்? அந்தப் புள்ளைக்குப் பேச்சு மூச்சே இல்ல."

உனக்குத் தண்ணீர் கொடுத்தவர் அவர்தான். ஐந்து மணி வாக்கில் நீ கண்ணைத் திறந்து, "இன்னும் முடியலையா?" என்று கேட்டாயாம். "எது தம்பி?" என்றாராம். "சர்க்கஸ்" என்றாயாம். சற்றுப் பொறுத்து மறுபடியும் "இன்னும் முடியலையா?" என்றாயாம். அதற்கப்புறம் நீ பேசவில்லை.

வாடகைக் காரில் உன்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மூளைக்கு ஏறிய மலைக்காய்ச்சல் என்று சொன்னார் டாக்டர். எத்தனை நாளாக என்று கேட்டார். பிச்சைமுத்து, "இன்னைக்குத்தான் சார், களைப்பா இருக்குன்னான்" என்றான். நான் வாயைத் திறக்கவில்லை. ராத்திரி தங்க எங்களை விடவில்லை. விடிந்ததும் நாங்கள் போனபோது உன் கட்டிலில் வேறு ஒருவர் படுத்திருந்தார்.

அன்று மத்தியானம் கிள்ளானிலேயே உனக்குத் தீ வைத்தேன். அந்த நேரம் துறைமுகத்தில் பெயர் கூப்பிட்டு ஆட்களை ஏற்றிக்கொண்டிருந்திருப்பார்கள். உன் பெயரை எத்தனை தடவை கூப்பிட்டார்களோ.

ஊருக்குத் தந்தி கொடுத்துவிட்டு, நாங்கள் மூன்று பேரும் உட்கார்ந்து ஒரு கடிதம் எழுதினோம். கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் எழுதியவன் நான். திடீர்க் காய்ச்சல் என்று எழுதினேன். பெரிய ஆஸ்பத்திரி, நல்ல டாக்டர், மூன்று பேரும் பக்கத்திலேயே இருந்தோம், கடைசியில் நீ என் கையைப் பிடித்துக்கொண்டு 'செல்லம்மா, பிள்ளையை நல்லாப் பார்த்துக்க' என்று சொல்லிக் கண்ணை மூடினாய் என்று எழுதினேன். அந்த வரியை எழுதும்போது பிச்சைமுத்து அழுதான். நிஜமாகவே நடந்ததுபோல் எனக்கும் அழுகை வந்தது.

இப்போது வந்திருக்கிற கடிதம் அதற்குப் பதில். முன்பெல்லாம் அவளுக்குப் பள்ளிக்கூட வாத்தியார் எழுதிக் கொடுப்பார் அல்லவா? இது அவளே எழுதியது. ஒவ்வோர் எழுத்தும் தனித்தனியாக நிற்கிறது. வாத்தியார் மூலம் கேட்க முடியாததைக் கேட்பதற்காக இத்தனை மாதம் உட்கார்ந்து எழுதிப் பழகியிருக்கிறாள் என்று நினைக்கிறேன்.

"அண்ணா அவர்களுக்கு. நீங்கள் எழுதியதைத் தினமும் பிள்ளைக்குப் படித்துக் காட்டுவேன். ஒன்று மட்டும் கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். அவர் என்னை ஒரு நாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. வேறு பெயர் வைத்திருந்தார். அது எங்கள் இருவருக்கு மட்டும் தெரியும். கடைசியில் அவர் எப்படிச் சொன்னார்? யார் பக்கத்தில் இருந்தீர்கள்?"

இவ்வளவுதான் கடிதம்.

போன ஞாயிற்றுக்கிழமை காலையில், ஸ்டேஷன் பக்கத்துக் காப்பிக் கடையில் மூன்று பேரும் கூடினோம். அந்தக் கடிதத்தை எழுதிய பிறகு நாங்கள் ஒன்றாக உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. கடிதத்தைப் படித்துக் காட்டினேன்.

"காய்ச்சல்ல பேர் மாறிப் போச்சுன்னு எழுதிடு சோமு. அந்தப் பொண்ணுக்கு இருக்கிறது அந்த ஒரு வரிதான். அதையும் பிடுங்கணுமா?" என்றான் பிச்சைமுத்து.

"அவங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு லா. தெரிஞ்சுதான் கேக்குறாங்க. இன்னொரு பொய்ய எழுதி அவங்கள அவமானப்படுத்த வேணாம்" என்றான் காசிம். "உள்ளபடியே எழுதிடு. களைப்புன்னு நெனச்சோம், விட்டுட்டுப் போயிட்டோம், எங்களுக்குத் தெரியாமப் போச்சுன்னு எழுது."

"எனக்குத் தெரியும்" என்றேன்.

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"செவ்வாய்க்கிழமையே சொன்னான். டாக்டர்கிட்டப் போலாமான்னு கேட்டான். நான்தான் வேணாம்னேன்."

காசிம் காப்பியைத் தள்ளி வைத்தான். "வியாழக்கிழமை எங்க வீட்டுல?" என்று கேட்டான்.

"அப்பவும் தெரியும். கொல்லையில வாந்தி எடுத்தான்."

அவன் எழுந்தான். கோபமாக ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தேவலை. தொப்பியை எடுத்து வைத்துக்கொண்டு தெருவில் இறங்கி நடந்தான். அதற்கப்புறம் நான் பத்து ரோட்டுக்கு இரண்டு தடவை போனேன். கடைப்பையன் 'முதலாளி இல்லை' என்றான். உள்ளே காசிமின் இருமல் கேட்டது. பிச்சைமுத்து மட்டும் அன்றைக்கு உட்கார்ந்தே இருந்தான். "ஏன்டா இப்பச் சொன்னே? எட்டு மாசம் சொல்லாதவன் அப்படியே இருந்திருக்கக் கூடாதா?" என்று கேட்டான்.

பெரிய கிராணி விஷயம் இன்னும் அவர்களுக்குத் தெரியாது. இதில்தான் படிக்கப் போகிறார்கள். அதற்குப் பிறகு பிச்சைமுத்துவும் வரமாட்டான்.

நான் ஆபீசுக்குப் போகிறேன், வருகிறேன். உன் மேசையில் பழைய ரசீதுக் கட்டுகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள். அதே நாடகக் கம்பெனி மறுபடி வந்திருக்கிறது. சாயங்காலம் கொட்டகையில் மத்தளத்துக்குச் சுதி சேர்க்கும் சத்தம் அறை வரை கேட்கிறது. ஜன்னலைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். சாத்தினாலும் கேட்கிறது. நீ உயிரோடு ஊர் போய்ச் சேர்ந்திருந்தாலும் நான் இப்படித்தான் உட்கார்ந்திருப்பேனோ என்று சில நாள் தோன்றுகிறது. என்னை நீ மன்னித்திருப்பாய் என்று பிச்சைமுத்து சொல்கிறான். நீ எதற்குத்தான் 'சரிண்ணே' என்று சொல்லாமல் இருந்தாய்? அதனால் அந்த மன்னிப்பு எனக்கு வேண்டாம்.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். இந்த வாரத் தபால் கப்பலில் செல்லம்மாளுக்குக் கடிதம் போகும். நீ கடைசியாகப் பேசியது என்ன, எங்கே படுத்திருந்தாய், அப்போது நாங்கள் எங்கே இருந்தோம், டாக்டர் வேண்டாம் என்றது யார், யாருடைய வேலை போயிருக்க வேண்டும், முன்பு எழுதிய அந்த வரி யாருடையது, எல்லாவற்றையும் எழுதுவேன். மன்னிப்புக் கேட்டு ஒரு வார்த்தை அதில் இருக்காது. கேட்டால் அவள் பதில் சொல்ல வேண்டிவரும். அந்தப் பாரத்தையும் அவள் தலையில் வைக்கமாட்டேன். அவள் கடிதத்தைக் கிழித்துப் போடட்டும், என்னைச் சபிக்கட்டும். அவளுக்கு எழுதும் கடிதம் கப்பலேறிய பிறகுதான் இது அச்சுக்குப் போகும்.

கூடப் பிறக்காமல் கூட வந்த உன் அண்ணன்,
சோமசுந்தரம்
பிரிக்ஃபீல்ட்ஸ், கோலாலம்பூர்